யாகுத்தியா ஏர்லைன்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகின் மிகக் குளிரான பெருநகரம் என்று யாகுத்ஸ்கைக் காட்டும் காணொளிகள் பரவத் தொடங்கியதிலிருந்து, அந்தக் குளிரில் விமானம் எப்படிப் பறக்கிறது, யார் ஓட்டுகிறார்கள், அதில் ஏறலாமா என்ற கேள்விகள் விமானப் போக்குவரத்தைப் பற்றி எழுதிவரும் எனக்கு ஓயாமல் வருகின்றன. பெரும்பாலும் ஒரே ஐயங்கள்தாம், கேட்பவர்தான் மாறுகிறார். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்துள்ளேன். முன்னர் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், தேவைப்படும் இடத்தில் முந்தைய பதிலைச் சுட்டியிருக்கிறேன்.

யாகுத்தியா ஏர்லைன்ஸ் எந்த நாட்டு நிறுவனம்? ஏரோஃப்ளோட்டின் கிளைதானே?

ரஷ்ய நிறுவனம்; ஆனால் அந்நாட்டின் மிகப்பெரிய விமான நிறுவனமான ஏரோஃப்ளோட்டின் கிளை அன்று. ரஷ்யக் கூட்டமைப்பில் சாகா குடியரசு என்றொரு பெரும் நிலப்பகுதி உண்டு. அதன் மற்றொரு பெயர்தான் யாகுத்தியா. நிறுவனம் அந்தக் குடியரசின் அரசுக்குச் சொந்தமானது. தலைமையகமும் முதன்மைத் தளமும் தலைநகர் யாகுத்ஸ்கில் உள்ளன. நம் ஊரில் மாநில அரசே பேருந்துக் கழகம் நடத்துவதைப்போல அங்கே குடியரசு விமான நிறுவனம் நடத்துகிறது என்று வைத்துக்கொண்டால், கட்டணம், தாமதம், நட்டம் பற்றிய பின்வரும் பதில்களில் பாதி எளிதில் விளங்கும்.

பத்து லட்சம் பேர்கூட இல்லாத இடத்துக்குத் தனியாக ஒரு விமான நிறுவனம் எதற்கு?

மக்கள்தொகை பத்து லட்சத்தை ஒட்டியதுதான். பரப்பளவு ஏறத்தாழ 30.8 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவைவிடச் சற்றே குறைவு. அந்தப் பத்து லட்சம் பேரில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் யாகுத்ஸ்க் நகரில் வாழ்கிறார்கள். எஞ்சியவர்கள் மூன்று நேர வலயங்களில் சிதறிக் கிடக்கும் சுரங்க நகரங்களிலும், ஆற்றங்கரை ஊர்களிலும், வடகடலோரக் குடியிருப்புகளிலும் இருக்கிறார்கள். வடக்கே லாப்டெவ் கடலோரத்தில் உள்ள திக்ஸி, தலைநகரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். வைரச் சுரங்க நகரமான மிர்னி மேற்கே எண்ணூறு கிலோமீட்டர் அளவில்.

இத்தனை தொலைவுக்கும் ஆண்டு முழுவதும் பயன்படும் சாலைகள் மிகச் சிலவே. கோடையில் லேனா, கொலிமா, இந்திகிர்கா ஆறுகளில் சரக்குப் படகுகள் செல்கின்றன. நடுக்குளிர்காலத்தில் ஆறும் சதுப்பும் உறைந்து இறுகிய பிறகு அவற்றின் மீதே பனிச்சாலைகள் போடப்படுகின்றன. இலையுதிர் காலத்தில் பனி இறுகும் முன்பும், வசந்தத்தில் அது உடையும்போதும், படகும் ஓடாது, லாரியும் ஓடாது. ஆண்டுக்கு இருமுறை வரும் அந்த இடைவெளியில் பல ஊர்களுக்கு வெளியுலகத்தோடு உள்ள ஒரே தொடர்பு விமானம்தான். நோயாளி, ஆசிரியர், தபால், மருந்து, கல்லூரி விடுமுறைக்கு வீடு திரும்பும் மாணவர் என எல்லாம் அதில்தான். இலாபக் கணக்குப் போட்டு ஒரு தனியார் நிறுவனம் தேர்ந்தெடுக்கும் சந்தையல்ல இது.

இந்த நிறுவனம் எப்போது தொடங்கியது? சோவியத் காலத்திலேயே இருந்ததா?

இன்றைய பெயரில் 2002-இல் தொடங்கியது. சோவியத் காலத்தில் நாடு முழுவதற்கும் ஏரோஃப்ளோட் ஒன்றுதான். யாகுத்தியாவில் நடந்த விமானப் பணிகள் அதன் வட்டார நிர்வாகம் ஒன்றின்கீழ் இருந்தன. ஒன்றியம் 1991-இல் கலைந்தபோது ஏரோஃப்ளோட் நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறியது. ஒவ்வொரு விமான நிலையமும் தன்னிடம் நின்ற விமானங்களை வைத்துக்கொண்டு தனி நிறுவனமானது என்று சொன்னால் மிகையில்லை. யாகுத்தியாவில் அவ்வாறு உருவானவற்றுள் சாகா ஏவியா, யாகுத்ஏவியாட்ரான்ஸ் என்ற இரண்டையும் இணைத்துத்தான் யாகுத்தியா ஏர்லைன்ஸ் அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் அதன் கையில் இருந்தவை துப்போலெவ்-154, அன்டோனோவ்-24, அன்டோனோவ்-26 போன்ற சோவியத் விமானங்கள்.

ஆனால் அப்பகுதியில் விமானப் பாதை அதற்கு வெகு முன்பே போடப்பட்டுவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா சோவியத் ஒன்றியத்துக்கு வழங்கிய போர் விமானங்களில் எண்ணாயிரம் அளவிலானவை, 1942 முதல் 1945 வரை, அலாஸ்காவிலிருந்து பெரிங் நீரிணையைக் கடந்து சைபீரியா வழியே பறந்து வந்தன. அல்சிப் என்று அழைக்கப்படும் அந்த வழி உயெல்கால், செய்ம்சான், யாகுத்ஸ்க், கிரென்ஸ்க், கிராஸ்நயார்ஸ்க் என்று செல்லும். விமானங்களைக் கொண்டுசென்ற படைப்பிரிவின் தலைமையகம் யாகுத்ஸ்கில் இருந்தது. இன்று கடுங்குளிருக்குப் பெயர்பெற்ற ஓய்மியாக்கோனில் ஓர் ஓடுபாதை ஏன் இருக்கிறது என்று வியப்பவர்களுக்கு விடை இதில்தான் உள்ளது: அந்தப் போர்க்கால வழியில் அவசரத்துக்கு இறங்குவதற்காக அமைக்கப்பட்டது அது.

யாகுத்தியா ஏர்லைன்ஸும் போலார் ஏர்லைன்ஸும் ஒன்றுதானா?

இல்லை, இரண்டும் யாகுத்ஸ்கைத் தளமாகக் கொண்டவை, இரண்டும் குடியரசு அரசின் பிடியில் உள்ளவை என்பதால் இந்தக் குழப்பம். வேலைப் பிரிவினை ஏறத்தாழ இப்படி: மாஸ்கோ, நோவோசிபிர்ஸ்க், கபாரோவ்ஸ்க், விளாதிவோஸ்தோக் போன்ற வெளி நகரங்களுக்கும், குடியரசுக்குள் ஓரளவு பெரிய ஊர்களுக்கும் யாகுத்தியா பறக்கிறது. சிறிய ஊர்கள், மண் ஓடுபாதைகள், மி-8 ஹெலிகாப்டரில் நோயாளியை எடுத்துவருவது, அன்டோனோவ்-2 போன்ற சிறு விமானத்தில் கிராமம் கிராமமாகச் செல்வது ஆகியவை போலாரின் பணி. எல்லைக்கோடு கறாரானது அன்று. சில வழித்தடங்களில் இரண்டு பெயர்களையும் காணலாம்.

செய்திகளில் வரும் பரபரப்பான நிகழ்வுகளைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ளுங்கள். யாகுத்ஸ்கில் எது நடந்தாலும் அது ‘யாகுத்தியா’வின் தலையில் ஏற்றப்பட்டுவிடுகிறது.

மைனஸ் 50 டிகிரியில் பெட்ரோல் உறையாதா? விமானம் எப்படிக் கிளம்பும்?

முதலில் ஒரு திருத்தம். பறக்கும் விமானத்துக்கு மைனஸ் 50 புதிதன்று. சென்னையிலிருந்து டெல்லி செல்லும் விமானமும் பத்து கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் ஏறத்தாழ அதே குளிரில்தான் பறக்கிறது. சிக்கல் வானில் இல்லை, தரையில் இருக்கிறது. மணிக்கணக்காக நிற்கும் விமானத்தின் எண்ணெய் பாகுபோலத் தடிக்கிறது; ரப்பர் அடைப்பான்கள் இறுகுகின்றன; மின்கலம் வலுவிழக்கிறது; கழிவறைத் தொட்டியும் குடிநீர்க் குழாயும் உறைந்து வெடிக்கக்கூடும்.

எரிபொருளைப் பொறுத்தவரை, உலகெங்கும் பயன்படும் ஜெட் ஏ-1 மைனஸ் 47 டிகிரியில் உறையத் தொடங்கும். ரஷ்யாவில் பயன்படும் டிஎஸ்-1 என்ற மண்ணெண்ணெய் வகை ஏறத்தாழ மைனஸ் 60 வரை தாங்கும். அதில் கரைந்திருக்கும் சிறிதளவு நீர் பனித்துகளாகி வடிகட்டியை அடைத்துவிடாமல் இருக்கத் தனியே ஒரு திரவத்தையும் கலக்கிறார்கள்.

காலைப் புறப்பாட்டுக்கு முன் நடப்பதைப் பார்த்தால்தான் அந்த உழைப்பு விளங்கும். இரவு முழுவதும் நின்ற விமானத்தின் இன்ஜின்கள் மீது தடித்த பஞ்சுறை போர்த்தியிருக்கும். லாரியின் மேல் பொருத்திய சூடேற்றி ஒன்று அருகில் வந்து நிற்கும். அதிலிருந்து ஆள் தொடை அளவு பருமனான கித்தான் குழாய்களை இழுத்து உறைக்கு அடியில் செருகுவார்கள். வெப்பக்காற்று உள்ளே பாயப் பாய உறை உப்பி எழும். மற்றொரு குழாய் பயணிகள் அறைக்குள் செல்லும். எண்ணெயின் வெப்பநிலை குறித்த அளவை எட்டும் வரை இன்ஜினைத் தொடக்கூடாது. பயணிகள் ஏறும்போது திறந்த கதவின் வழியே உள்ளிருக்கும் ஈரக்காற்று வெளிக்குளிரைச் சந்தித்து, வாசலிலேயே வெண்புகையாகத் திரண்டு நிற்கும். முதல்முறை பார்ப்பவர் தீப்பிடித்துவிட்டதோ என்று திகைப்பார்.

அப்படியானால் விமானங்கள் தாமதமாவதற்குக் குளிர்தான் காரணமா?

நேரடியாக இல்லை. மைனஸ் 40-க்குக் கீழே போனதும் யாகுத்ஸ்கில் வேறொன்று நிகழ்கிறது. கார்களின் புகைபோக்கி, வெப்ப மின்நிலையங்கள், வீட்டு அடுப்புகள், மனிதர்களின் மூச்சு ஆகியவற்றிலிருந்து வெளியேறும் நீராவி அந்தக் கணமே நுண்ணிய பனித்துகளாகி மிதக்கிறது. குளிர்காலத்தில் அங்கே காற்று பெரும்பாலும் அசைவதில்லை. தரையருகே கனத்த குளிர்காற்றும் அதன் மேலே சற்றுச் சூடான அடுக்கும் மூடிபோல அமைவதால் அந்த மூடுபனி கலையாமல் நகரத்தின் மீதே படுத்துக் கிடக்கிறது. நகரத்தை ஒட்டியே விமான நிலையம் இருப்பதால் ஓடுபாதையும் அதில் மறைகிறது. இன்ஜின் ஆயத்தமாக இருக்கும்; விமானியும் ஆயத்தமாக இருப்பார்; ஓடுபாதை மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

கோடையிலும் நிம்மதி இல்லை. டைகா காடுகள் பற்றி எரியும் ஆண்டுகளில் புகை அதே வேலையைச் செய்கிறது. 2021 ஜூலையில் காட்டுத்தீப் புகையால் யாகுத்ஸ்க் விமான நிலையத்தில் போக்குவரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. வடகடலோர ஊர்களில் பனிப்புயல் தனிக்கதை. திக்ஸிக்குப் பயணச்சீட்டு எடுப்பவர்கள் திரும்பும் தேதியை உறுதியாகச் சொல்வதில்லை.

கடுங்குளிரில் விமானத்தின் உயரமானி தப்பாகக் காட்டும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, இது அதிகம் பேசப்படாத செய்தி. உயரமானி என்பது உண்மையில் காற்றழுத்தமானிதான். காற்று ஒரு குறிப்பிட்ட ‘திட்ட’ வெப்பநிலையில் இருப்பதாக எண்ணி அது அழுத்தத்தை உயரமாக மாற்றிக் காட்டுகிறது. குளிர்காற்று சுருங்கி அடர்ந்து கிடப்பதால், கருவி காட்டுவதைவிட விமானம் தாழ்வாகப் பறந்துகொண்டிருக்கும். மைனஸ் 50 டிகிரியில், விமான நிலையத்துக்கு மேல் 300 மீட்டர் உயரத்தில் பறக்க வேண்டிய கட்டத்தில், பன்னாட்டுத் திருத்த அட்டவணைப்படி ஏறத்தாழ 90 மீட்டரைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மலை சூழ்ந்த இடத்தில் இதை மறந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

குளிர் எல்லாவற்றிலும் பகை என்றும் சொல்ல முடியாது. அடர்ந்த காற்றில் இறக்கைக்குத் தூக்குவிசை எளிதில் கிடைக்கிறது, இன்ஜினும் நன்றாக இழுக்கிறது. மே மாதச் சென்னையில் மேலெழத் திணறும் அளவு சுமையோடு, ஜனவரி யாகுத்ஸ்கில் அதே விமானம் குறைந்த ஓட்டத்திலேயே எழும்பிவிடும்.

அறுபது வருஷப் பழைய அன்டோனோவ்-24-ஐ இன்னும் ஏன் ஓட்டுகிறார்கள்?

வடிவமைப்பு பழையது, முதல் அன்டோனோவ்-24 பறந்தது 1959-இல். கீயவில் அதன் உற்பத்தி 1979 வரை நடந்தது. ஆகவே இன்று பறப்பவை நாற்பது, ஐம்பது வயதானவை. இவ்வளவு காலம் அவை நீடிப்பதற்குப் பழக்கமோ கஞ்சத்தனமோ முழுக் காரணம் அல்ல.

வட யாகுத்தியாவின் பல ஓடுபாதைகள் கான்கிரீட்டோ தாரோ இல்லாத சரளை, மணல் பாதைகள். அவற்றின் அடியில் உறைமண், அதாவது ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் நிலம். கோடையில் மேற்பரப்பு இளகி, குளிரில் புடைத்து எழும். இத்தகைய பாதையில் ஜெட் விமானத்தை இறக்கினால் தாழ்வாகத் தொங்கும் இன்ஜின் கல்லை உறிஞ்சிவிடும். அன்டோனோவ்-24-இன் இறக்கை உடலின் மேற்புறத்தில் இருப்பதால் இன்ஜினும் விசிறியும் தரையிலிருந்து நன்கு விலகியிருக்கின்றன. சக்கரங்களும் கரடுமுரடான நிலத்துக்கென்றே வலுவாக அமைக்கப்பட்டவை. இதன் ஆர்வி வகையில் வலப்புற இன்ஜின் கூட்டுக்குள் ஒரு சிறு ஜெட் இன்ஜினும் ஒளிந்திருக்கிறது. வெளி உதவியின்றி இன்ஜின்களைக் கிளப்பவும், எழும்பும்போது கூடுதல் உந்துவிசை தரவும் அது பயன்படும். தரை வசதி ஏதுமில்லாத ஓர் ஊரில் இறங்கி மீண்டும் தானாகவே கிளம்பக்கூடிய, ஐம்பது பேர் அமரும் விமானம் வேறு எது என்று கேட்டால் எளிதில் பதில் கிடைப்பதில்லை.

மாற்று தேடவில்லை என்றும் சொல்ல முடியாது. யாகுத்தியா அன்டோனோவ்-140 விமானங்களை வாங்கியது. உக்ரைனிய வடிவமைப்பான அது ரஷ்யாவின் சமாராவில் உரிமம் பெற்றுத் தயாரானது. 2014-க்குப் பின் இரு நாட்டு உறவும் முறிய, உற்பத்தியும் நின்றது. கனடாவின் டேஷ் 8 விமானங்களும் வந்தன. அவற்றின் நிலை பின்னர் வரும் தடைகள் பற்றிய பதிலில்.

சூப்பர்ஜெட் வாங்கினார்களே, அது என்ன ஆயிற்று?

சுகோய் சூப்பர்ஜெட் 100 ரகத்தை மிகத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்ட நிறுவனங்களுள் யாகுத்தியாவும் ஒன்று. முதல் விமானம் 2012 இறுதியில் கையளிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் பறந்தது. ரஷ்யாவின் புதிய விமானம், ரஷ்யாவின் கடுங்குளிர் நகரம் என்று அன்று அதைப் பெருமையாகக் காட்டினார்கள்.

விமானத்தின் உடலும் பறக்கும் தன்மையும் பொதுவாக நல்ல பெயரையே பெற்றன. தொல்லை, பிரெஞ்சு சஃப்ரானும் ரஷ்ய சாத்தூர்னும் கூட்டாகத் தயாரித்த சாம்146 இன்ஜினில். எதிர்பார்த்ததைவிட முன்னரே அவற்றைக் கழற்றிப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. மாற்று இன்ஜின்கள் போதுமான அளவு கிடைக்கவில்லை. விமானங்கள் தரையில் நின்றன. இது யாகுத்தியாவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. மெக்சிகோவின் இன்டர்ஜெட்டும் அயர்லாந்தின் சிட்டிஜெட்டும் இதே காரணத்தால் சலித்தன. பெரிய நிறுவனமாக இருந்தால் இரண்டு விமானம் நின்றாலும் வேறு பத்தைக் கொண்டு ஈடுகட்டலாம்; விரல்விட்டு எண்ணக்கூடிய விமானங்களை வைத்திருக்கும் வட்டார நிறுவனத்துக்கு அது ஓர் வழித்தடமே நின்றுபோவதாகும். குழந்தைப் பருவக் கோளாறுகள் தீராத ஒரு விமானத்தை, உதிரிபாகக் கிடங்குகளிலிருந்து ஐயாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிறுவனத்திடம் முதலில் கொடுத்தது தவறான முடிவு என்பது என் கருத்து.

2018-இல் யாகுத்ஸ்கில் சூப்பர்ஜெட் விபத்து நடந்ததே, அது குளிரால்தானா?

அது அக்டோபர் 10-ஆம் நாள் இரவு நடந்தது. அக்டோபர் அங்கே கடுங்குளிர்காலமே அன்று. உலான்-உதேயிலிருந்து 87 பயணிகளும் 5 ஊழியர்களுமாக வந்த விமானம் ஓடுபாதையில் நிற்காமல் வழுக்கிச் சென்றது. அப்போது 3,400 மீட்டர் ஓடுபாதையின் ஒரு பகுதி சீரமைப்புக்காக மூடப்பட்டிருந்தது. பயன்பாட்டிலிருந்த சுருங்கிய நீளத்தின் மீது பனிக்கட்டி படிந்திருந்தது. விமானம் மூடப்பட்ட பகுதிக்குள் ஓடி, அங்கே இருந்த படி போன்ற மேட்டில் மோதவே, முதன்மைச் சக்கரக் கால்கள் முறிந்தன. உயிரிழப்பு இல்லை, சிலருக்கு இலேசான காயம். விமானம் மீண்டும் பறக்கவில்லை.

ஓடுபாதையை ஏன் அவ்வளவு அடிக்கடி தோண்டுகிறார்கள் என்ற துணைக்கேள்விக்கு, அன்டோனோவ்-24 பற்றிய பதிலில் சொன்ன உறைமண்ணே காரணம். கான்கிரீட் போட்டாலும் அடிநிலம் சும்மா இருப்பதில்லை.

உறைந்த ஆற்றின் மேலே தவறுதலாக இறங்கிய விமானம் இவர்களுடையதுதானே?

அன்று, அது போலார் ஏர்லைன்ஸின் அன்டோனோவ்-24. 2023 டிசம்பர் 28 அன்று யாகுத்ஸ்கிலிருந்து சிரியாங்காவுக்குச் சென்றபோது, விமான நிலையத்தின் ஓடுபாதைக்குப் பதிலாக அருகில் உறைந்து கிடந்த கொலிமா ஆற்றின் மீது இறங்கிவிட்டது. முப்பது பயணிகள் இருந்தனர், ஒருவருக்கும் காயமில்லை. விமானிகளின் பிழை என்று அதிகாரிகள் அறிவித்தனர். மேலிருந்து பார்த்தால் பனி மூடிய சரளை ஓடுபாதையும், பனி மூடிய ஆற்று மணற்படுகையும் நீண்ட வெண்பட்டைகளாகவே தெரியும் என்பதை மறுக்க முடியாது. ஆயினும் அதைப் பிரித்தறியத்தான் கருவிகளும் விளக்குகளும் இருக்கின்றன.

நடுவானில் பின்கதவு திறந்துகொண்டது, தங்கக் கட்டிகள் கொட்டின என்றெல்லாம் வந்ததே?

இரண்டும் யாகுத்ஸ்கில் நடந்தவை. இரண்டிலும் யாகுத்தியா இல்லை. 2023 ஜனவரியில் பின்கதவு திறந்தபடியே திரும்பிவந்தது இர்ஏரோ நிறுவனத்தின் அன்டோனோவ்-26. அது யாகுத்ஸ்க் அருகிலுள்ள மாகன் நிலையத்திலிருந்து மகதானுக்குக் கிளம்பியது. 2018 மார்ச்சில் ஓடுபாதை மீது தங்கக் கட்டிகளைச் சிதறியது நிம்பஸ் நிறுவனத்தின் அன்டோனோவ்-12 சரக்கு விமானம். கட்டிகளைத் தேடிப் பொறுக்கிவிட்டார்கள்.

மொத்தத்தில் இந்த வட்டார விமானங்களில் ஏறுவது பாதுகாப்பானதா?

ஒரே சொல்லில் பதில் சொல்ல மனம் வரவில்லை. மாஸ்கோ–யாகுத்ஸ்க் போன்ற நெடுந்தொலைவு வழித்தடத்தில் போயிங் 737-இல் செல்வதும், வடக்கே மண் ஓடுபாதைக்கு ஐம்பது வயது விமானத்தில் செல்வதும் ஒரே வகை அல்ல. 2025 ஜூலை 24 அன்று அமூர் மாகாணத்தின் திந்தா அருகே அங்காரா ஏர்லைன்ஸின் அன்டோனோவ்-24 மலைச்சரிவில் மோதி, அதிலிருந்த 48 பேரும் இறந்தனர். அந்த விமானம் 1976-இல் தயாரானது. நிறுவனம் வேறு, மாகாணம் வேறு. ஆனால் விமான வகையும், நிலப்பரப்பும், தரையிலுள்ள வழிகாட்டுக் கருவிகளின் பற்றாக்குறையும் யாகுத்தியாவின் வடபகுதிக்கும் பொருந்துபவை.

விமானத்தின் வயதை மட்டும் பார்த்து அஞ்சுபவர்களுக்கு ஒன்று சொல்லலாம். மேலே கண்ட நிகழ்வுகளில் இறக்கை ஒடிந்தோ, இயந்திரம் சிதறியோ நேர்ந்தது எதுவும் இல்லை. வழுக்கும் ஓடுபாதை, கண்ணுக்குத் தெரியாத தரை, தவறான கணிப்பு ஆகியவைதாம் திரும்பத் திரும்ப வருகின்றன. புதிய விமானம் வாங்குவதோடு தரையிலும் செலவு செய்தால்தான் நிலை மாறும்.

இவ்வளவு செலவில் ஓடும் விமானத்துக்கு அங்குள்ள மக்கள் எப்படி டிக்கெட் எடுக்கிறார்கள்?

முழு விலையில் எடுத்தால் சாதாரண ஊதியக்காரர் தாங்க மாட்டார். ஆகவே இரண்டு அடுக்கு மானியம் உண்டு. யாகுத்தியாவும் அடங்கிய ரஷ்யத் தூரக்கிழக்கிலிருந்து மாஸ்கோ போன்ற நகரங்களுக்குச் செல்ல, இளைஞர்கள், ஓய்வுபெறும் வயதை எட்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள், பல குழந்தைகள் உள்ள குடும்பங்கள் ஆகியோருக்கு மத்திய அரசு கட்டணத்தின் ஒரு பகுதியை நிறுவனத்துக்குச் செலுத்துகிறது. குடியரசுக்குள் ஊர்விட்டு ஊர் செல்லும் வழித்தடங்களுக்குக் குடியரசு தன் நிதியிலிருந்தும் கொடுக்கிறது.

மானிய இடங்கள் அளவானவை. விற்பனை திறந்த சில நாட்களிலேயே கோடை மாதங்களுக்கான இடங்கள் தீர்ந்துபோவது வழக்கம். தாமதமாக விழித்தவர் முழு விலை கொடுக்கிறார் அல்லது விடுமுறையை ஊரிலேயே கழிக்கிறார். யாகுத்தியாவில் விமான நிறுவனத்தைப் பற்றிய முணுமுணுப்புகளில் பெரும்பங்கு விபத்தைப் பற்றியது அன்று, இதைப் பற்றியதுதான்.

யாகுத்தியா விமானம் அமெரிக்காவுக்கே பறந்ததாமே?

பறந்தது. 2012 முதல் சில ஆண்டுகள், கோடைக்காலத்தில் மட்டும், கம்சாத்காவின் பெத்ரோபாவ்லோவ்ஸ்கிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜுக்கு. மீன்பிடிக்கவும் எரிமலை பார்க்கவும் செல்வோர்தாம் அதன் வாடிக்கையாளர்கள். பயணம் சில மணிநேரம்தான். ஆனால் நடுவில் பன்னாட்டுத் தேதிக்கோடு குறுக்கிடுவதால், கோடையில் இரு ஊர்க் கடிகாரங்களுக்கும் இருபது மணிநேர வேறுபாடு. கிளம்பிய நாளுக்கு முந்தைய நாளில் போய் இறங்குவார்கள். அந்த வழித்தடம் இல்லாவிட்டால் பக்கத்து வீடு போன்ற அலாஸ்காவுக்கு மாஸ்கோ வழியாக உலகைச் சுற்றிச் செல்ல வேண்டும். இன்றைய நிலை அதுவே.

உக்ரைன் போருக்காக மேற்கு நாடுகள் விதித்த 2022 தடைகளுக்குப் பிறகு போயிங், டேஷ் 8 எல்லாம் எப்படி ஓடுகின்றன?

சிரமப்பட்டுத்தான். அவற்றுள் பல வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து குத்தகைக்கு எடுக்கப்பட்டு வெளிநாட்டில் பதிவு செய்யப்பட்டவை. 2022 மார்ச்சில் ரஷ்யா இயற்றிய சட்டத்தின்படி அத்தகைய விமானங்களை உள்நாட்டிலேயே பதிவு செய்துகொண்டார்கள். பன்னாட்டு விதிகளின்படி உரிய சான்றிதழ் இல்லாமல் அவற்றை இயக்குவதாகக் கூறி, ஐரோப்பிய ஒன்றியம் அதே ஆண்டு ஏப்ரலில் 21 ரஷ்ய நிறுவனங்களைத் தன் பாதுகாப்புத் தடைப் பட்டியலில் சேர்த்தது. யாகுத்தியாவும் அதில் உண்டு.

அன்றாட வேதனை உதிரிபாகம். உற்பத்தியாளரிடம் நேரடியாக வாங்க இயலாது. மூன்றாம் நாடுகள் வழியே சுற்றி வரும் பாகத்துக்கு விலையும் அதிகம், நாளும் அதிகம். சூப்பர்ஜெட் ரஷ்ய விமானம்தானே, அதற்கு என்ன என்று கேட்கலாம். முன்னர் கூறிய சாம்146 இன்ஜினில் பாதி பிரெஞ்சுக்காரர்களுடையது. அதற்கு மாற்றாக ரஷ்யா பிடி-8 என்ற இன்ஜினை உருவாக்கிவருகிறது. அன்டோனோவ்-24-இன் இடத்துக்கு இல்யூஷின்-114-300, லாதோகா ஆகியவையும், அன்டோனோவ்-2-இன் இடத்துக்கு பைக்கால் என்ற சிறு விமானமும் வரும் என்று அறிவித்தார்கள். அறிவித்த நாள்கள் தள்ளிக்கொண்டே போகின்றன. இதனால் ஒரு விசித்திரம்: கிழடு என்று ஒதுக்கவிருந்த அன்டோனோவ்களுக்கு ஆயுள் நீட்டிக்கப்பட்டது, புதியவை என்று வாங்கியவை பாகத்துக்காகக் காத்து நிற்கின்றன.

தூரக்கிழக்குக்கே ஒரே நிறுவனம் அமைக்கிறார்களாமே, யாகுத்தியா மூடப்படுமா?

அரோரா என்ற, சாகலின் தீவைச் சேர்ந்த விமான நிறுவனத்தைச் சுற்றி எழுந்த திட்டம் அது. சாட் ஏர்லைன்ஸ், விளாதிவோஸ்தோக் ஏவியா ஆகிய இரண்டையும் இணைத்து ஏரோஃப்ளோட் 2013-இல் அரோராவை அமைத்தது. பின்னர் தன் பங்கை விட்டு விலகியது. தூரக்கிழக்கின் சிறு நிறுவனங்களை ஒரே குடைக்குள் கொண்டுவரும் முயற்சியில் அரோரா மையமாகவும், யாகுத்தியா, போலார் உள்ளிட்டவை உறுப்பினர்களாகவும் வைக்கப்பட்டன. முழு இணைப்பு நடக்கவில்லை. வழித்தடங்களையும் மானியங்களையும் ஒருங்கிணைக்கும் கூட்டணியாகவே அது நின்றது. மூடுவது அரசியல்ரீதியாக எளிதன்று. இரண்டாவது பதிலைப் படித்தவர்களுக்கு ஏன் என்பது தெரியும்.

நான் தமிழ்நாட்டிலிருந்து போக நினைக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

மாஸ்கோவிலிருந்து யாகுத்ஸ்க் ஆறரை மணிநேரப் பயணம். அங்கே கடிகாரம் மாஸ்கோவைவிட ஆறு மணிநேரமும், இந்தியாவைவிட மூன்றரை மணிநேரமும் முன்னால் ஓடும். ரஷ்யாவுக்கு வெளியே வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் அங்கே செல்லாது. உள்நாட்டுப் பயணச்சீட்டுக்கு எப்படிப் பணம் செலுத்துவது என்பதை இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். திக்ஸி போன்ற வடகடலோர இடங்கள் எல்லைக் காவல் மண்டலத்துக்குள் வருவதால் விசாவுக்கு மேல் தனி அனுமதி வேண்டும்.

குடியரசுக்குள் சிற்றூர் ஒன்றுக்குச் செல்வதாக இருந்தால், திரும்பும் நாளுக்கும் மாஸ்கோ விமானத்துக்கும் இடையே சில நாட்களையாவது விட்டுவையுங்கள். கையில் வைத்திருக்கும் பைக்குள்ளேயே கனத்த உடையும் மருந்தும் இருக்கட்டும். பெட்டி அடுத்த விமானத்தில் வரக்கூடும்.

லேனா ஆற்றுக்குப் பாலம் கட்டிவிட்டால் இந்த விமானங்களுக்கு வேலை குறைந்துவிடுமா?

யாகுத்ஸ்க் லேனாவின் இடக்கரையில் இருக்கிறது. கொலிமா நெடுஞ்சாலையும் தெற்கே செல்லும் லேனா நெடுஞ்சாலையும், 2019 முதல் பயணிகள் ரயிலும் வந்து முடிவது எதிர்க்கரையிலுள்ள நீஷ்னி பெஸ்தியாக்கில். நடுவில் பல கிலோமீட்டர் அகல ஆறு. கோடையில் படகு, குளிரில் பனிச்சாலை, இடையில் காற்றுமெத்தை மீது செல்லும் மிதவை ஊர்தி. பாலம் வந்தால் நகரம் முதன்முறையாக ஆண்டு முழுவதும் நாட்டின் சாலையோடு இணையும். காய்கறி விலை குறையும், சரக்கு விமானத்தில் வரும் சில பொருள்கள் லாரிக்கு மாறும்.

ஆனால் அந்தப் பாலம் தெற்கையும் கிழக்கையும்தான் யாகுத்ஸ்கோடு இணைக்கிறது. திக்ஸி, சொகுர்தாக், ஸ்ரெத்நெகொலிம்ஸ்க், சிரியாங்கா ஆகியவற்றுக்கும் நகரத்துக்கும் இடையே பாலத்துக்குப் பின்னும் அதே சதுப்பும் மலையும் ஆறுகளும்தாம் இருக்கும். மாஸ்கோ செல்பவரும் ரயிலில் ஒரு வாரம் அமர்வதைவிட ஆறரை மணிநேரப் பயணத்தையே தேர்ந்தெடுப்பார். குறைவது தெற்கே செல்லும் சில குறுந்தொலைவு வழித்தடங்களாக இருக்கலாம். வடக்குப் பறப்புகளின் அட்டவணையில் பாலத்தால் ஒரு வரியும் மாறப்போவதில்லை.